இன்ஜின் அல்ல, பிரேக்தான் முதலில்! - வீட்டுக் கராஜில் உருவாகும் 'ஹாட் ராட்' கார்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வீட்டின் கராஜ் கதவு மேலே எழும்ப, உள்ளேயிருந்து மெள்ள வெளியே வருகிறது ஒரு கார். மேற்கூரை கிடையாது. மட்கார்டு கிடையாது. நான்கு சக்கரங்களும் வெளியே தெரிகின்றன. பார்வைக்குத் தாத்தா காலத்து கார். சத்தமோ பந்தயக் காருடையது!

இப்படிப்பட்ட காரை ஷோரூமில் வாங்க முடியாது. வேலை முடிந்து வந்த இரவுகளையும் விடுமுறை நாள்களையும் செலவழித்து, ஓட்டுபவரே பார்த்துப் பார்த்துக் கட்டியிருப்பார். இதற்குப் பெயர் 'ஹாட் ராட் ரோட்ஸ்டர்'.

நிலையான கூரையோ, ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடியோ இல்லாத திறந்த கார்தான் ரோட்ஸ்டர். அப்படியொரு பழைய காரில் வேண்டாத எடையையெல்லாம் கழற்றிவிட்டு, இன்ஜினுக்கு வலுவேற்றினால் அது ஹாட் ராட்.

காசில்லாத இளைஞர்களின் கண்டுபிடிப்பு

இந்தக் கதை 1932-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 இன்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய காரில் பொருத்தியது. அதுவரை வி-8 என்றால் பெரும்பாலும் பணக்காரர்களின் காரில்தான் இருக்கும். எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்ததால் ஃபோர்டால் விலையைக் குறைக்க முடிந்தது.

சில ஆண்டுகளில் இந்த கார்கள் பழசாகி, செகண்ட் ஹேண்டில் இளைஞர்களின் கைக்கு வந்தன. கையில் காசு குறைவு; வேகத்தின் மீது ஆசை அதிகம். மட்கார்டைக் கழற்றினார்கள், காயலான் கடையில் தேடிய பாகங்களை மாட்டினார்கள், மொஹாவி பாலைவனத்தில் வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே வேகத்தை முறையாக அளப்பதற்காக 1937-ல் பல கிளப்புகள் ஒன்றுசேர்ந்து 'சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்' அமைப்பைத் தொடங்கின.

விக் எடல்ப்ராக் என்ற மெக்கானிக், 1941-ல் தன் 1932 மாடல் ரோட்ஸ்டரை அப்படியொரு ஏரிப் படுகையில் மணிக்குச் சுமார் 195 கி.மீ வேகத்தில் ஓட்டினார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பில் பர்க் என்பவர், போர் விமானத்தில் மாட்டும் பெட்ரோல் டேங்க்கையே உடலாக வைத்து ஒரு பந்தய காரைக் கட்டினார். கிடைத்ததை வைத்து வேகம் காண்பதுதான் ஹாட் ராட்டின் அடிப்படை.

எலும்புக்கூட்டில் தொடங்கும் வேலை

இன்று காயலான் கடைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரின் அதே அச்சில் புத்தம்புதிய இரும்பு பாடியை ஒஹாயோ மாநிலத்தின் 'ப்ரூக்வில் ரோட்ஸ்டர்' நிறுவனம் தயாரிக்கிறது. விலை குறைவாக வேண்டுமென்றால் ஃபைபர் கிளாஸ் பாடியும் கிடைக்கிறது. ஆனால், பாகங்கள் வந்து இறங்கிவிட்டால் கார் வந்துவிடுமா?

முதல் வேலை சேஸிஸ். 1932 ஃபோர்டின் சேஸிஸ் சட்டங்கள், ஒரு பக்கம் திறந்த 'ப' வடிவம் கொண்டவை. 65 குதிரைத்திறனுக்கு அது போதும். அதைப்போல மூன்று மடங்கு வலுவுள்ள இன்ஜினை வைத்தால் முறுக்கிக்கொள்ளும். எனவே, திறந்த பக்கத்தை இரும்புத் தகட்டால் மூடி வெல்டிங் செய்து, பெட்டிபோல் ஆக்குகிறார்கள்.

இங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே இழுப்பில் வெல்டிங் செய்தால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். ஓரிடத்தில் இரண்டு அங்குலம், பிறகு தள்ளி வேறோர் இடத்தில் இரண்டு அங்குலம் என, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அவ்வப்போது மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சேஸிஸ் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கோணலான சேஸிஸில் கட்டிய கார், சாலையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம்

அடுத்தது இன்ஜின் என்று நினைப்பீர்கள். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது பிரேக்கை!

1932 ஃபோர்டில் இருந்தது கம்பிகளால் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். ஃபோர்டு கார்கள் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939-ல்தான். அதனால் அந்தக் கால இளைஞர்கள், பிந்தைய மாடல்களின் பிரேக்கைக் கழற்றித் தங்கள் காரில் மாட்டினார்கள். பழமை தோற்றத்தை விரும்புபவர்கள் இன்றும் அதையே தேடுகிறார்கள்.

அதில் ஓர் ஆபத்து உண்டு. அந்தக் கால அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். எனவே, விவரம் தெரிந்தவர்கள் வெளியே பழைய டிரம்மை வைத்துக்கொண்டு, உள்ளே முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனிப் பாதை போடுகிறார்கள். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

கோபக்கார இன்ஜின்

இன்ஜினிலும் ஆசைக்கும் அறிவுக்கும் போட்டிதான். ஃபோர்டின் பழைய வி-8, 'ஃப்ளாட்ஹெட்' என்று செல்லமாக அழைக்கப்படுகிறது. அழகான இன்ஜின், ஆனால் சீக்கிரம் சூடாகும். எரிந்த புகை, சிலிண்டர்களுக்கு நடுவே இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே பயணம் செய்து வெளியேறுவதுதான் காரணம். அந்தச் சூட்டையும் ரேடியேட்டர் தண்ணீரே தாங்க வேண்டும். பல பழைய பிளாக்குகளில் விரிசல் இருக்கும் என்பதால், பரிசோதித்த பிறகே அதில் பணத்தைப் போடுகிறார்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு, செவர்லே நிறுவனம் 1955-ல் அறிமுகப்படுத்திய வி-8 இன்ஜின் குடும்பம் இருக்கிறது. பாகங்கள் எளிதில் கிடைக்கும்.

எல்லாம் மாட்டியாயிற்று, பெயின்ட் அடித்துவிடலாமா? அதற்கும் பொறுமை வேண்டும். பெயின்ட் இல்லாமலே முழு காரையும் பூட்டி, ஓட்டிப் பார்த்து, டயர் எங்கே உரசுகிறது, ஸ்டீயரிங் எங்கே இடிக்கிறது என்று கவனித்துச் சரிசெய்கிறார்கள். பிறகு மொத்தத்தையும் மறுபடி கழற்றி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் பூட்டுகிறார்கள். அதாவது, ஒரே காரை இரண்டு முறை கட்ட வேண்டும்!

தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும் கனவுகள்

பலருடைய கனவு கலைவது இந்த இடத்தில்தான். குழந்தை பிறக்கிறது, வேலை மாறுகிறது, பணம் வேறு செலவுக்குப் போகிறது. கார் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கத் தொடங்குகிறது. 'பாதி முடிந்த ரோட்ஸ்டர் விற்பனைக்கு' என்ற விளம்பரங்கள் அங்கே சர்வ சாதாரணம். போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. மாதத்துக்கு ஒரு பெரிய வேலை என்று திட்டமிடுவதைவிட, தினமும் அரை மணி நேரமாவது கராஜில் நிற்பவர்களே காரை முடிக்கிறார்கள்.

முடித்தாலும் பதிவு செய்ய வேண்டுமே? கலிபோர்னியாவில், வீட்டில் கட்டிய கார்களுக்குப் புகை விதிகளில் சலுகை தரும் சான்றிதழ், ஆண்டுக்கு முதலில் வரும் 500 கார்களுக்குத்தான்! அந்த 500-க்குள் வந்தால், தோற்றமோ இன்ஜினோ எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டு விதியே போதும்.

இவ்வளவு பாடுபட்டு, ஏசி இல்லாத, மழை வந்தால் நனைகிற ஒரு காரை ஏன் கட்ட வேண்டும்? ஷோரூம் காரில் பிரச்னை என்றால் கம்பெனியைக் கேட்கலாம். இந்த காரில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கட்டியவர்தான் பொறுப்பு. அந்த வெல்டிங்கின் மேல்தான், அருகில் மகளை உட்காரவைத்துக்கொண்டு அவர் சாலையில் இறங்கப்போகிறார்.

அதனால்தான் கராஜ் கதவு திறக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருமுனையில் அவர் முதலில் அழுத்திப் பார்ப்பது ஆக்ஸிலரேட்டரை அல்ல. பிரேக்கை!