துப்பாக்கி லைசென்ஸ்: யாருக்குத் தரலாம், எப்போது திரும்ப வாங்கலாம்?

காரைக்காலை அடுத்த நிரவியில் 2017 ஜனவரி 3 அன்று, புதுச்சேரி முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி. சிவக்குமாரை ஒரு கும்பல் நாட்டு வெடிகுண்டு வீசி, அரிவாளால் வெட்டிக் கொன்றது. போலகம், திருமலைராயன்பட்டினம் பகுதி மக்களுக்கு இது பக்கத்து ஊர்ச் சம்பவம். இதில் லைசென்ஸ் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. நாட்டு வெடிகுண்டைத் தடுக்க 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அது பலிக்க வேண்டுமானால், குண்டு கட்டுபவர்களையும் பழிக்குப் பழி தேடும் கும்பல்களையும் போலீஸ் முன்கூட்டியே கண்காணிக்க வேண்டும். அப்படியானால் துப்பாக்கிக் கட்டுப்பாடு நமக்கு எதற்கு? வீட்டுக்குள்ளும் பணியிடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பவர் நிலைகுலையும்போது வரும் ஆபத்தைத் தடுக்கத்தான்.

லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அனுமதியின் பேரில்தான். அமெரிக்காவைப் போல அது அரசியல் சாசன உரிமை அல்ல. போலீஸ் அறிக்கையைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கும். 21 வயது நிரம்பாதவர், வன்முறைக் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்து ஐந்தாண்டு ஆகாதவர், அமைதி காப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து அதன் காலம் முடியாதவர் ஆகியோருக்குக் கிடையாது. மனநிலை சரியில்லை என்று அதிகாரி கருதினாலும் மறுக்கலாம். 2016 விதிகள் உடல், மன நலத்துக்கு மருத்துவச் சான்றும் கேட்கின்றன.

2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. அதே திருத்தம் லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. ஓட்டை இங்கேதான். சான்றிதழ் வாங்கிய அன்று தெளிவாக இருந்தவர் நான்காம் ஆண்டில் எப்படி இருப்பார்? கடன், குடி, குடும்பச் சண்டை எல்லாம் இடையில்தான் வரும்.

சீருடைக்காரர்கள்?

அரசு ஊழியர் பணிக்காக ஏந்தும் ஆயுதத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. 2014 அக்டோபர் 8 அன்று கல்பாக்கத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் சுட்டதில் சக வீரர்கள் மூவர் இறந்தனர். 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் தன் மேலதிகாரியையும் பயணிகள் மூவரையும் சுட்டுக் கொன்றார். ஆயுதம் ஏந்தி நிற்பவரின் மனநிலையை அவ்வப்போது கவனிப்பது மேலதிகாரியின் அன்றாட வேலையாக வேண்டும்.

மனநோய்தான் காரணமா?

இல்லை. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அடிபடுவதே அவர்கள்தான். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றிக் கருகினார்கள். ஆபத்தைக் காட்டும் அறிகுறிகள் வேறு: முன்பு அடிதடியில் இறங்கியது, மனைவியை அடிப்பது, போதை, "கொன்னுடுவேன்" என்ற மிரட்டல், "செத்துப்போறேன்" என்ற பேச்சு. இந்தக் கடைசிப் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால், அதை வைத்திருப்பவரின் உயிருக்கும் அதுவே எமன்.

என்ன செய்யலாம்?

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது நமக்குப் பழகிய நடைமுறை. ஊர்ப் பதற்றத்துக்காகச் சில வாரம் ஆயுதத்தை வாங்கி வைக்கலாம் என்றால், ஒரு வீட்டுப் பதற்றத்துக்காகவும் வாங்கி வைக்கலாம். ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு லைசென்ஸை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஏற்கெனவே அதிகாரம் தந்திருக்கிறது. குடும்பத்தார் பயமின்றிச் சொல்ல ஒரு வழியும், சொன்னால் உடனே விசாரிக்கும் பழக்கமும்தான் தேவை. ஆபத்தாகத் தெரிபவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்க அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1999-லேயே தனிச் சட்டம் போட்டது. பொய்ப் புகாரில் சிக்கியவருக்கு மேல்முறையீடும், ஆயுதத்தைத் திரும்பப் பெறும் வழியும் வேண்டும்.

மனநிலை குலைந்து தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போலீஸ் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். உங்கள் வீட்டில் ஒருவர் நிலைகுலைந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பேசுங்கள். ஆயுதத்தோடு மிரட்டினால் 112-ஐ அழையுங்கள். 'குடும்ப மானம்' என்று மூடி மறைக்காதீர்கள்.