பட்டத்தைத் துறந்தவர் பெற்ற பரிசு

நம்மிற் பலர் கல்வியை அளக்கக் கைக்கொள்ளும் கோல் பட்டமேயாகும். கலாநிதிப் படிப்பை இடையிலே கைவிட்டும், 1988 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசினை இருவரோடு பகிர்ந்துகொண்ட கேர்ட்ரூட் எலியன் அம்மையாரின் வரலாற்றை மாணவர் அறிதல் நன்று.

1918 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த எலியன், தமது 15 ஆவது வயதிலே அருமைப் பாட்டனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோயை வெல்லவேண்டும் என்னும் உறுதி அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1937 இல் இரசாயனத்திற் பட்டதாரியானார். எனினும், பெண் என்ற காரணத்தால் ஆய்வுகூடங்களின் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. பகலிற் பாடசாலையிற் கற்பித்து, இரவில் ஆய்வு செய்து, 1941 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். யுத்தம் ஆடவரைக் களத்துக்கு அழைத்தபோதே அவருக்கு வழி பிறந்தது. 1944 இல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பனியில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பாரின் உதவியாளரானார்.

பகலில் ஆய்வு, மாலையிற் கலாநிதிப் படிப்பு என ஆண்டுகள் சில கழிந்தன. முழுநேர மாணவியாக வருதல் வேண்டும் என்று கல்லூரி நிபந்தனை விதித்தது. பட்டமா, ஆய்வா? எலியன் ஆய்வையே தெரிந்தெடுத்தார்.

அவ்வாய்வு யாது? கலமொன்று இரண்டாகப் பிரியுமுன், பரம்பரை இயல்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. யைப் படியெடுத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய செங்கற்களுட் சில பியூரின் எனப்படும். உண்மைச் செங்கல்லை ஒத்த போலிச் செங்கல்லைக் கொடுத்தால், விரைந்து பெருகும் கலத்தின் கட்டட வேலை தடைப்படுமன்றோ? இந்த எண்ணத்தால் உருவானதே 6-மேர்கப்டோபியூரின் என்னும் மருந்து. 1953 இல் அமெரிக்க அரசு அதனை அங்கீகரித்தது.

அந்நாளிற் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களே உயிர் வாழ்ந்தனர். புதிய மருந்தினால் நோய் தணிந்து எழுந்து விளையாடினர். ஆயினும் நோய் மீண்டும் வந்து பலரைக் கொண்டு சென்றது. அத்துயரம் எலியனை வருத்தியதேயன்றித் தளர்த்தவில்லை. பின்னர் அம்மருந்து வேறு மருந்துகளுடன் சேர்த்து அளிக்கப்பட்டது. இன்று, நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், இந்நோயுற்ற குழந்தைகளிற் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

அதே வழியில் வேறு மருந்துகளும் பிறந்தன. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமற் காக்கும் அசாதயோபிரின், வாதநோயாகிய கௌட்டுக்கு அலோபூரினோல், ஹேர்ப்பிஸ் வைரசுக்கு அசைக்ளோவிர் என்பன அவற்றுட் சில.

எலியன் 1999 இல் மறைந்தார். கைவிட்ட பட்டத்துக்கு ஈடாகக் கௌரவ கலாநிதிப் பட்டங்கள் பல அவரைத் தேடி வந்தன. மாணவர்களே, பட்டம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். படிப்பின் பயன் பிறர் துயர் துடைத்தலில் உள்ளது என்பதே இதன் பொருள்.