பழைய தமிழ்க் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இல்லங்களில் பழைய கணினியொன்றோ, நெகிழ்தட்டுகள் நிறைந்த பெட்டியொன்றோ மூலையிற் கிடப்பது வழமை. 1990களில் தட்டச்சுச் செய்த கடிதங்கள், ஊர்ச்சங்க மலர்கள், தமிழ்ப் பாடசாலை நாடகப் பிரதிகள், மறைந்த உறவினருக்காக முப்பத்தோராம் நாளன்று வெளியிட்ட கல்வெட்டுகள் முதலியன அவற்றில் உறங்குகின்றன. இன்று அவற்றைத் திறந்து பார்ப்பவருக்குத் தமிழ் தெரிவதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையே திரையில் தெரிகிறது. கோப்பு பழுதாகிவிட்டதென்று எண்ணிப் பலர் அதனை அழித்துவிடுகின்றனர். உண்மையில் அக்கோப்பிற்கு எந்தப் பழுதுமில்லை. ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் அதனை மீட்டெடுக்கலாம்.

நடந்தது என்ன?

அக்காலக் கணினிகளில் தமிழுக்கென்று தனியிடம் இருக்கவில்லை. ஆகவே பாமினி போன்ற எழுத்துருக்களை ஆக்கியோர், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், கணினி தன் நினைவில் பதிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அவை 'அம்மா' என்று தோன்றும். அது இல்லாத கணினியில் ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறை 1991இல் தமிழுக்குத் தனியான 128 இடங்களை ஒதுக்கியது. வின்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது சாதாரணப் பாவனையாளரின் கணினிக்கு வரத் தொடங்கிற்று. இன்று கைத்தொலைபேசியில் நாம் எழுதுவது யாவும் ஒருங்குறித் தமிழே.

மீட்கும் வழி

முதலாவதாக, மூலக்கோப்பைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். திருத்தங்கள் யாவற்றையும் படியிலேயே செய்யுங்கள், மூலத்தைத் தொடவேண்டாம்.

இரண்டாவதாக, எழுத்துருவின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். வேர்ட் கோப்பாயின் குப்பையாகத் தெரியும் வரியொன்றின் மேல் சுட்டியை வைத்து அழுத்தி, மேலேயுள்ள எழுத்துருக் கட்டத்தைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிடினும் அதன் பெயர் அங்கே காணப்படும். அப்பெயரே மீட்பிற்கான திறவுகோல்.

மூன்றாவதாக, கொன்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து, கொன்ரோலும் சீயும் அழுத்திப் படியெடுங்கள். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலொன்றில் நீங்கள் கண்டறிந்த எழுத்துருவின் பெயரைத் தெரிவுசெய்து, கொன்ரோலும் வீயும் அழுத்தி ஒட்டினால் ஒருங்குறித் தமிழ் கிடைக்கும். எழுத்துருவைத் தவறாகத் தெரிவுசெய்தால் கொம்புகளும் கால்களும் இடம்மாறி நிற்கும். அவ்வாறாயின் வேறு பெயரைத் தெரிவுசெய்து மீண்டும் முயலுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இணைய மாற்றியில் ஒட்டும் எழுத்து வேறொருவரின் கணினிக்குச் செல்லக்கூடும். அகதி விண்ணப்பம், வழக்குப் பத்திரம், குடும்ப இரகசியம் அடங்கிய கடிதம் என்பவற்றை அங்கே ஒட்டவேண்டாம். அவற்றைப் படிப்பதற்கு உரிய எழுத்துருவைக் கணினியில் நிறுவிக்கொண்டாலே போதுமானது.

சரிபார்த்தல்

மாற்றி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடாது. தமிழின் நடுவே வந்த ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள் ஆகியன பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். துணைக்காலும் ரகரமும் பழைய திரைகளில் ஒத்த வடிவமாய்த் தெரிந்தமையால், ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்று தட்டப்பட்ட இடங்களும் உண்டு. கண்ணுக்கு அவை தப்பிவிடும்; ஆனால் பின்னர் அச்சொல்லைத் தேடும்போது கணினி அதனைக் காட்டாது. தவறாகத் திருத்திவிட்டால் கொன்ரோலும் இசற்றும் அழுத்துங்கள். முந்தைய நிலை மீளும்.

ஊர்ப்பெயர், வளவுப்பெயர், வம்சாவளிப்பெயர் என்பவற்றைக் கணினி சரிபார்க்காது. அவற்றை அறிந்த பெரியோர் எம்மோடு இருக்கும்போதே பக்கத்தில் அமர்த்தி வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளவேண்டும். இவ்வேலையைப் பின்போட முடியாதிருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அச்சுப்பிரதி மாத்திரம் இருந்தால்

கோப்பு தொலைந்து மலர் மட்டும் எஞ்சியிருப்பினும் வழியுண்டு. பக்கத்தை மடிப்பின்றி விரித்து, நிழல் விழாதபடி பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுங்கள். அப்படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறந்தால், படத்திலுள்ள எழுத்துகள் தட்டச்சு எழுத்துகளாகப் படத்தின் கீழே கிடைக்கும். பிழைகள் இருக்கும்; எனினும் முழுவதையும் புதிதாகத் தட்டுவதிலும் இது எளிது.

பீ.டீ.எவ். கோப்புகளையும் சோதித்துப் பாருங்கள். பார்வைக்கு அழகிய தமிழாயிருக்கும். ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது குப்பை வந்தால் அதுவும் பழைய எழுத்துருவில் ஆனதே. அதன் பக்கங்களைப் படங்களாக மாற்றி, அவற்றையும் இவ்வாறே கூகுள் டொக்ஸில் திறந்து எழுத்தாக்கலாம்.

நெகிழ்தட்டுகளில் உள்ளவற்றை முதலில் எடுங்கள். யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் நெகிழ்தட்டு இயக்கி ஒன்று போதும். காந்தப் பூச்சு ஆண்டுதோறும் வலுவிழந்து வருவதால், இன்று படிக்கக்கூடிய தட்டு நாளை படிக்க இயலாது போகலாம்.

பாதுகாத்தல்

மீட்ட கோப்பிற்கு ஆண்டு, ஊர், பொருள் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றை வேறு நகரில் வாழும் உறவினரிடமும் வையுங்கள். ஊர் மலர், பாடசாலை மலர், கல்வெட்டு போன்றவற்றைக் குடும்பத்தாரினதும் வெளியிட்டோரினதும் சம்மதத்துடன் 'நூலகம்' எண்ணிம நூலகத்திற்கு வழங்கலாம். 2005இல் தொடங்கப்பட்ட அம்முயற்சி இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களைச் சேகரித்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது எவ்வளவு எளிதில் இல்லாது போகும் என்பதை நாம் அறிவோம்.

ஒருங்குறிக்கு மாற்றுவதால் வேறொரு பயனும் உண்டு. இங்கு பிறந்த எம் பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. ஒருங்குறியில் உள்ள தமிழைக் கைத்தொலைபேசி உரத்து வாசித்துக் காட்டும். பாமினியில் உள்ள கடிதத்தை எந்தக் கருவியும் தமிழாக வாசிக்காது. பேரன் எழுதிய கடிதத்தைப் பூட்டன் வழியில் வந்த பிள்ளை ஒருநாள் காதாற் கேட்கவேண்டுமாயின், அக்கடிதம் இப்போதே மாற்றப்படவேண்டும். இவ்வார இறுதியில் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.