பாரதி பாட்டுக்கு 3 பூட்டு!

கோவில்பட்டியில் பஸ் ஏறி, கரிசல் காட்டு வழியே கிழக்கே போனால் எட்டயபுரம். டிசம்பர் 11-ந் தேதி பாரதி பிறந்த நாள். அன்று முண்டாசும் ஒட்டு மீசையுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். மைக் பிடித்து பாரதி பாட்டுப் பாடுவார்கள். தடுப்பார் யாருமில்லை.

ஆனால் அதே பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் போலீஸ் கதவைத் தட்டிய காலமும் உண்டு!

முதல் பூட்டு: சர்க்கார்

1908-ல் "இந்தியா" பத்திரிகை மீது வெள்ளைக்கார சர்க்கார் பாய்ந்தது. புதுச்சேரிக்குத் தப்பிய பாரதி, 10 வருஷம் அங்கேயே இருந்தார். 1921-ல், 38 வயதில் காலமானார்.

ஆள் போயும் சர்க்காரின் பயம் போகவில்லை. தமிழர்கள் ஏராளமாகப் பிழைக்கப் போயிருந்த பர்மாவில், 1928-ல் பாரதி பாட்டுக்குத் தடை போட்டார்கள். சென்னை சர்க்காரும் அதே வழியில் போனது. போலீசார் சோதனை போட்டுப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

செத்துப் போனவர் பாட்டுக்குக் கேசா? சட்டசபையில் சத்தியமூர்த்தி வெளுத்து வாங்கினார். ஓட்டெடுப்பில் சர்க்கார் தோற்றது.

இரண்டாவது பூட்டு: காசு

1947 அக்டோபர் 13. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபத் திறப்பு விழா. "கல்கி" வாசகர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மண்டபம். திறந்து வைத்தவர் ராஜாஜி. நாடு விடுதலையாகி 2 மாதம்கூட ஆகவில்லை.

நாட்டுக்கு விடுதலை வந்தாச்சு. பாட்டுக்கு வரவில்லை!

சினிமாவிலும் இசைத்தட்டிலும் பாரதி பாட்டைப் போடும் உரிமை ஏவி.எம். நிறுவனத்திடம் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய உரிமை. சட்டப்படி தப்பில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் "பில்ஹணன்" படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது தகராறு வெடித்தது.

ஊர் சொத்தை ஒருத்தர் பெட்டியில் வைத்துப் பூட்டலாமா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1948-ல் பாரதி விடுதலைக் கழகம் பிறந்தது. நாரண துரைக்கண்ணனும் டி.கே.சண்முகமும் முன்னால் நின்றார்கள். பாரதியின் மனைவி செல்லம்மாளும் சம்மதம் கொடுத்தார். ஓமந்தூரார் ஆட்சியில், 1949-ல் சர்க்கார் உரிமையை எடுத்துக்கொண்டது. ஏவி.மெய்யப்பச் செட்டியார் சல்லிக்காசு வாங்காமல் விட்டுக் கொடுத்தார். 1955-ல் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது.

மூன்றாவது பூட்டு: கூட்டம்

அத்தோடு கதை முடியவில்லை. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில், பெருமாள்முருகன் எழுதிய "மாதொருபாகன்" நாவலை நடுத்தெருவில் கொளுத்தினார்கள். ஊரையும் கோவிலையும் பெண்களையும் இழிவு செய்துவிட்டார் என்பது புகார். கடையடைப்பும் நடந்தது. சர்க்கார் தடை போடவில்லை. அதிகாரிகள் கூட்டிய சமாதானப் பேச்சில் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவித்தார்.

2016 ஜூலை 5-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடலாம். எழுத்தாளர் திரும்ப எழுத வேண்டும் என்றது. அவரும் பேனா எடுத்தார்.

சர்க்கார் பூட்டினால் உத்தரவு இருக்கும், சட்டசபையில் கேட்கலாம். காசு பூட்டினால் பத்திரம் இருக்கும், பேசித் தீர்க்கலாம். கூட்டம் போடும் பூட்டுக்கு உத்தரவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. பெருமாள்முருகன் வழக்கு கோர்ட்டு வரை போனதால் வெளியே தெரிந்தது. நமக்கேன் வம்பு என்று பாதியில் பேனாவை மூடி வைத்தவர்கள் எத்தனை பேரோ? அந்தக் கணக்கு எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இல்லை.