ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்தால்

பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தவர், ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்ற வரியோடு வீடு திரும்புகிறார். குடிப்பழக்கமே இல்லாதவருக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் குடியால் வருவது போன்ற சேதம் குடிக்காதவர் கல்லீரலிலும் வரும் என்று மேயோ கிளினிக் மருத்துவமனையின் டாக்டர் லுட்விக் குழுவினர் 1980-லேயே எழுதிவிட்டார்கள்.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்திருந்தால் அது ஃபேட்டி லிவர். உடனே பலர் எண்ணெயை மட்டும் நிறுத்துகிறார்கள். அது போதாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ஓயாமல் கல்லீரலுக்கு வந்துகொண்டே இருக்கும். மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றும். மூன்று வேளையும் அரிசி, இடையில் சர்க்கரை போட்ட டீ என்று இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் வைத்தவர்களும் தப்புவதில்லை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

கிரேடு என்பது எவ்வளவு கொழுப்பு என்பதற்கான தோராயக் கணக்குதான். ஆபத்தைத் தீர்மானிப்பது கல்லீரலில் விழும் தழும்பு. கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 2 உள்ளவருக்கு இல்லாமலும் போகலாம். ‘லிவர் டெஸ்ட் நார்மல்’ என்பதும் முழு உத்தரவாதமில்லை. டாக்டரிடம் கேட்க வேண்டியது ‘ஃபிப்-4’ கணக்கு. வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை போதும், தனிச் செலவில்லை. 1.3-க்குக் கீழ் என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு (65 வயதைக் கடந்தவர்களுக்கு 2). அதற்கு மேல் போனால் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஃபிப்-4 கணக்கைத் தள்ளிப்போடவே கூடாது.

எடை 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு வடியத் தொடங்கும். 10 சதவீதம் குறைந்தால் பலருக்குத் தழும்பே இளகுகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ. எடை இறங்காவிட்டாலும் தினசரி நடை கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். தழும்பு கூடியவர்களுக்கென ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. எல்லோருக்கும் அது தேவையில்லை. கடையில் விற்கும் லிவர் டானிக்குகளை நம்பிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

இந்த நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயம். அதனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டுவிடும் என்ற பயத்தில் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாங்களாக நிறுத்துகிறவர்கள் உண்டு. ஸ்டாடின் எனும் அந்த மாத்திரைகளை ஃபேட்டி லிவர் உள்ளவர்களும் பொதுவாகப் பயமின்றிச் சாப்பிடலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.