தசை தேய்ந்தால் இதயத்திற்கும் சுமை

இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே சிறந்த கவனிப்பு என்று பல குடும்பங்களில் கருதப்படுகிறது. அதன் பின்னுள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும், அளவு மீறிய ஓய்வு தசையைக் கரைக்கும் என்பதையும், தசைத் தேய்வு இதய நோயின் போக்கையே பாதிக்கும் என்பதையும் எடுத்துச் சொல்வது எங்கள் கடமை.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், உடல்நலம் மிக்க 5 இளைஞர்களை 3 வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். 30 ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். அவர்களது உழைப்புத் திறனை 30 ஆண்டு முதுமை குறைத்திருந்ததைவிட, அந்த 3 வாரப் படுக்கையே அதிகமாகக் குறைத்திருந்தது. இருபது வயதினரின் நிலையே இதுவென்றால், அறுபது வயதைக் கடந்த நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, கால்களிலுள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்பவையும் தசைகளே. அவை தேய்ந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு குலையும். நாளடைவில் இரத்தக் குழாய்கள் பழுதுபடும். மறுபுறம், இதயம் வலுவிழந்தால் தசைகளுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. பசி மந்தமாகிறது. மூச்சிரைப்புக்கு அஞ்சி நோயாளி நடையைக் குறைக்கிறார். தசை மேலும் தேய்கிறது.

இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. கைப்பிடி வலிமை 5 கிலோ குறையுந்தோறும், இதய இரத்தநாள நோய்களால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டதாக அது தெரிவித்தது.

தசைத் தேய்வை எடைக்கருவி எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. இதயச் செயலிழப்பில் உடலில் நீர் கோத்துக்கொள்வதால், தசை கரைந்தாலும் எடை மாறாமலே இருக்கக்கூடும். கையை ஊன்றாமல் எழ முடியாமை, மாடிப்படி ஏறத் திணறுதல், பாட்டில் மூடியைத் திருகத் தடுமாறுதல் ஆகியவற்றைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். மருத்துவர் அனுமதித்தவர்கள் ஓர் எளிய சோதனையையும் செய்து பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எங்களிடம் தெரிவியுங்கள். சோதனையின்போது ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.

இழந்த வலிமையைப் பெருமளவு மீட்க முடியும். நாளொன்றுக்குச் சில நிமிட நடையில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே போதுமானது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மிகுந்த மூச்சிரைப்பு தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள். மார்பெலும்பைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எங்கள் ஒப்புதலின்றிப் பளு தூக்கலாகாது.

தசைக்குப் புரதமும் வேண்டும். கஞ்சியும் ரசம் சோறும் மட்டுமே உண்டால் புரதம் போதாது. முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையிலும் 200 மி.லி. பாலிலும் தலா 6 கிராம் அளவு உள்ளது. பருப்பு, சுண்டல், தயிர், மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து, உப்பைக் குறைத்துச் சமையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவையும், நீர் அருந்துவதில் கட்டுப்பாடு உள்ளவர்கள் பாலின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, அன்றாடம் நடந்த நிமிடங்களையும் நாற்காலிச் சோதனைக்கு ஆன விநாடிகளையும் குறித்து எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டுடன் அவற்றையும் நாங்கள் பார்ப்போம்.