மலைக்கு முதுகு காட்டும் டிஷ்கள்

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலையைக் கடக்கும்போது மொட்டைமாடிகளைப் பாருங்கள். டி.டி.எச். டிஷ்கள் அத்தனையும் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கும் தென்கிழக்குமாக வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வேறொரு திசையும் நினைவிருக்கும். அது வடகிழக்கு. அலுமினியக் குழாய்களை வரிசையாகக் கோத்த ஆன்டெனாக்கள் ஒருகாலத்தில் கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி நின்றன. காற்று அசைத்துவிட்டால் ஒருவர் மாடியில் ஏறிக் குழாயைத் திருப்புவார், கீழேயிருந்து இன்னொருவர் "இப்பத் தெரியுது, அப்படியே விடு" என்று கத்துவார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் தென்மாவட்டங்களை எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது நமது தென்கரையோர ஊர்களில் பலர் அதைத்தான் பார்த்தார்கள். அதன் ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையுச்சியில் இருந்ததே காரணம். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் தெற்கே தமிழ் நிகழ்ச்சிகள் வீடு வீடாக நுழைந்தன.

கோபுரத்தை மலையில் வைப்பதற்கு எளிய காரணம் உண்டு. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றவை. தடையில்லாத சமவெளியாக இருந்தால் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் அலை 190 கிலோமீட்டர் வரை தரையைத் தொடாமல் போகும். ஆனால் குறுக்கே ஒரு முகடு வந்துவிட்டால் அதன் மறுபக்கம் நிழல்தான். அதனால்தான் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்குக் கிடைத்த தெளிவு, கொடைக்கானலுக்கு மிக அருகே மலை மடிப்புக்குள் கிடக்கும் ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. பாறையை ஊடுருவும் துகள்களும் இருக்கின்றன. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இதே போடி மேற்கு மலையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற கதிர்களையெல்லாம் மலை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் நுழைந்து வரும் என்பது கணக்கு. அந்தத் திட்டம் எதிர்ப்பில் முடங்கிக் கிடக்கிறது. தொலைக்காட்சி அலையோ தடுக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது.

மலை மறைப்பதோடு நிற்பதில்லை, எதிரொலிக்கவும் செய்யும். கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையோடு, பாறைச் சரிவில் பட்டுத் திரும்பிய அலையும் ஆன்டெனாவுக்கு வந்து சேரும். இரண்டாவது அலை மூன்று கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் 10 மைக்ரோ செகண்டு தாமதம். பழைய டிவியில் ஒரு கோட்டை வரைய ஆன நேரமே 52 மைக்ரோ செகண்டுதான். ஆகவே திரையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர் தெரிவார். மலையோர வீடுகளில் இந்த இரட்டை உருவம் அப்போது சகஜம்.

சரி, சென்னையில் தயாரான நிகழ்ச்சி இத்தகைய மலையுச்சிக் கோபுரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? செயற்கைக்கோள் வழியாகத்தான். நிலையத்திலிருந்து சமிக்ஞையை மேலே அனுப்புவார்கள். அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அலைவரிசை மாற்றப்பட்டுத் திரும்பி வரும். கோபுரத்தின் அடியில் இருந்த பெரிய டிஷ் அதைப் பிடித்து, பெருக்கி, கோபுரத்துக்குக் கொடுக்கும். 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி இந்த வேலையைச் செய்ததால்தான் மறு ஆண்டு நாடெங்கும் சிறிய ஒளிபரப்பிகள் நாளுக்கொன்று என்ற வேகத்தில் முளைத்தன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: சமிக்ஞை வானத்துக்குப் போய் நம் தலைக்கு மேலேதான் இறங்குகிறது, ஆனாலும் அதை ஒரு மலையுச்சி வாங்கிப் பக்கவாட்டில் நமக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. வீட்டு மாடியில் அடங்கும் சிறு டிஷ்ஷே நேராக வாங்கிக்கொள்ளும் காலம் வந்ததும் நடுவில் இருந்த கோபுரம் தேவையற்றுப் போனது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக் கட்டணமில்லாத டி.டி.எச். சேவையைத் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் ஏறத்தாழ 50 தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31க்குள் மூடிவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016இல் 16 நகரங்களுக்கு வந்தது, அவற்றில் சென்னையும் ஒன்று. பாறை எதிரொலியைச் சமாளிக்கும் திறன் அந்தத் தொழில்நுட்பத்துக்கு நிறையவே உண்டு. தகவலை ஆயிரக்கணக்கான துணை அலைகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் மில்லி செகண்டு கணக்கில் நிதானமாக அனுப்புவதால் சில மைக்ரோ செகண்டுத் தாமதம் அதை அசைப்பதில்லை. மலையோரக் கிராமங்களுக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வரவில்லை.

இனி, படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது என்ற கேள்விக்கு வரலாம். சாதாரணத் தரத்தில் ஒரு சேனலின் படத்தை அப்படியே எண்ணாக மாற்றினால் நொடிக்கு 16 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் வரும். ஒளிபரப்பில் அது இருபது, முப்பது லட்சமாகச் சுருக்கப்படுகிறது. எல்லாப் படச்சட்டத்தையும் முழுதாக அனுப்புவதில்லை என்பதே சுருக்கத்தின் சூட்சுமம். எப்போதாவது ஒரு முழுச் சட்டம், அதன் பிறகு மாறியது மட்டும். போடியில் ஏலக்காய் மண்டிக் கணக்கேட்டில் முதல் வரியில் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு அடுத்தடுத்த வரிகளில் 'மேற்படி' போடுவார்களே, அதேதான். முதல் வரியில் மை கொட்டிவிட்டால் கீழே உள்ள மேற்படிகள் எல்லாம் பொருளற்றுப் போகும். முழுச் சட்டத்தில் ஒரு துண்டு தொலைந்தால், அடுத்த முழுச் சட்டம் வரும்வரை அந்தப் பிழை திரையில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். படம் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்துச் சுருக்கப்படுவதால் பிழையும் கட்டமாகவே தெரிகிறது.

பிழை வந்தால் திருத்திக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. முதல் தலைமுறை டி.டி.எச். முறையில் 188 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் உபரியாகப் போகும். எட்டு பைட் வரை எங்கே கெட்டிருந்தாலும் அந்த உபரியை வைத்து செட்டாப் பாக்ஸ் கணக்குப் போட்டு மீட்டுவிடும். ஒன்பதாவது கெட்டால் கை விரித்துவிடும். பழைய டிவியில் சமிக்ஞை குறையக் குறையப் புள்ளிகள் கூடும், ஆனாலும் புள்ளி மழைக்குள்ளேயே கிரிக்கெட் பார்க்க முடிந்தது. டிஜிட்டலில் வலு பாதியாகக் குறைந்தாலும் படம் பளிச்சென்றிருக்கலாம். எல்லைக்கு வந்தபின் ஒரே ஒரு டெசிபல் குறைந்தாலும் திரை கறுத்துவிடும். நன்றாக இருந்தது திடீரென்று போயிற்று என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பல நாட்களாகவே நலிந்துகொண்டு வந்திருக்கும், நமக்குத்தான் காட்டிக்கொள்ளவில்லை.

மழையின் சங்கதி இதில் சுவையானது. செயற்கைக்கோளில் ஒரு சேனல் கட்டுக்கு நூறு, நூற்றைம்பது வாட் சக்திதான். அதை நாடு முழுவதற்கும் தூவ வேண்டும். டி.டி.எச். அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். கொழுத்த மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் வல்லவை. எனவே எத்தனை மணி நேரம் பெய்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பதே முக்கியம். ஆடியில் போடிமெட்டுப் பக்கம் நாள் முழுக்கச் சாரல் அடித்தாலும் டிவி ஓடும். சித்திரையில் சிலமலையில் பதினைந்து நிமிடம் அடிக்கும் இடிமழை அதை நிறுத்திவிடும்.

93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளை இங்கிருந்து பார்த்தால் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். டெல்லியில் அது 52 பாகைதான். செங்குத்தாகப் பார்ப்பதால் மழை மேகத்துக்குள் அலை கடக்கும் தூரம் நமக்குக் குறைவு. ஆனாலும் ஐந்து கிலோமீட்டர் உயர மேகத்தை அது கடக்கும் இடம் நம் தலைக்கு நேர் மேலே இல்லை, இரண்டு கிலோமீட்டர் வரை தென்கிழக்கே தள்ளியிருக்கும். முற்றத்தில் வெயில் காயும்போதே டிவி நின்றுபோவது இதனால்தான். மலைத் தோட்டங்களில் இந்தச் செங்குத்து இன்னொரு வகையிலும் உதவுகிறது. ஏலச்செடிக்கு நிழல்மரம் வேண்டும், டிஷ்ஷுக்கு வானம் வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் கிளைகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம் திறந்திருந்தாலே போதும். மழைக்கு முன்பு கொப்புக் கழித்த இடத்தில் தழை மறுபடி அடர்ந்து நனைந்தால் சிக்னல் போய்விடும்.

மழையைவிடக் காற்றின் சேட்டை நீடித்தது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மூன்று பாகை அகலம்கூட இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் ஒரு போல்ட் தளர்ந்து டிஷ் இரண்டு பாகை திரும்பினால் போயிற்று. இரண்டு பாகை விலகல் என்ன செய்யும் என்பது, காற்றால் அல்லாமல் வேறொரு காரணத்தால், 2010இல் பெரிய அளவில் தெரிந்தது. அவ்வாண்டு ஜூலை 7 அன்று, 93.5 பாகையில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சப்ளையில் கோளாறு ஏற்பட்டுப் பாதித் திறனை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் டி.டி.எச். சேவை 91.5 பாகையில் இருந்த மீசாட்-3க்கு மாறியது. வானத்தில் இரண்டு பாகை இடைவெளிதான், ஆனால் டிஷ்களை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது.

கேபிள் இணைப்பில் மழைத் தொல்லை குறைவு. கேபிள் கட்டுப்பாட்டு அறையில் உள்ள பெரிய டிஷ்கள் ஏழு சென்டிமீட்டர் நீள அலையை வாங்குகின்றன, மழை அதை அவ்வளவாகத் தொடாது. அங்கே வில்லன் தெருக்கம்பத்து ஜாயின்ட்டில் இறங்கும் தண்ணீரும் துருவும்தான். டி.டி.எச்.சிலும் ஒயரைச் சந்தேகிக்க ஓர் அடையாளம் உண்டு. செட்டாப் பாக்ஸ் அதே ஒயர் வழியாக, டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி. கருவிக்கு மின்சாரமும் அனுப்புகிறது: ஒருவகைச் சேனல்களுக்கு 13 வோல்ட், இன்னொரு வகைக்கு 18 வோல்ட். ஒயர் துருப்பிடித்தால் 18 வோல்ட் எட்டாது, ஒரு கூட்டம் சேனல் மட்டும் காணாமல் போய் மற்றவை பளிச்சென்று வரும். அப்போது டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், ஒயரையும் கனெக்டரையும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் சில நாட்கள் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சமிக்ஞை மூழ்கிவிடும். 93.5 பாகைச் செயற்கைக்கோளைப் பார்க்கும் போடி வட்டார டிஷ்களுக்கு இது காலை 11 மணியை ஒட்டி நேரும். மேகமே இல்லாத நாளில் அந்த நேரம் பார்த்துப் படம் உடைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். அதிகம் போனால் பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடும்.